சுவர் உட்காரும் நேரம்

இந்தக் கதையை எனக்கு முதல்முதல் சொன்னவர் கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கம் குடியிருந்த சிம்ஹா அக்கா. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடி மாதம் எங்கள் மூத்தவனுக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் ஆகி நான் துணைக்கு இருந்தேன்; பக்கத்துக் கட்டிலில் கிடந்த தன் வீட்டுக்காரருக்கு அவர் துணை. யூத குலம். அவர்களுடைய ஆலயம் எரிந்த நாள் என்று அன்றைக்கு அவருக்கு உபவாசம், தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதாம். பேசிக்கொண்டிருந்தால் தாகம் தெரியாது என்று சொல்லி, வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டு, ரோமர் என்கிற சனம் எப்படி உண்டானது என்று அவருடைய ஆட்கள் சொல்லிக்கொள்வதைப் பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் சொன்னார். அதில் அவர் பெரியவர்களிடம் கேட்டது கொஞ்சம், அவராகச் சேர்த்தது கொஞ்சம், இத்தனை வருஷத்தில் நான் சேர்த்துவிட்டது மீதி.

எருசலேமில் கடவுளுக்கு ஆலயம் கட்டி முடித்த ராஜா, கட்டி முடித்த கையோடு எகிப்து ராஜாவின் மகளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில், அங்கேயிருந்து மேற்கே எத்தனையோ நாள் பயணத்தில், ஒரு கடலோரச் சதுப்பில், தீம்னாள் என்பவள் கூழ்ச்சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது, ஒரு தேவதூதன் வானத்திலிருந்து இறங்கி, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், இடுப்பளவு கடல் தண்ணீரில் நின்று, ஒரு நாணல் குச்சியை நட்டான். ஆடு கட்ட முளை அடிக்கிறவன் எப்படிச் செய்வானோ அப்படியே செய்தான்: முதலில் காலால் தடவி இடம் பார்த்தான், பிறகு குச்சியை ஊன்றி இரண்டு கையாலும் அழுத்தினான், ஆட்டிப் பார்த்தான், பிறகு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"அது என்னத்துக்கு?" என்று தீம்னாள் கரையிலிருந்து சத்தம் போட்டுக் கேட்டாள்.

"மண் சேர்றதுக்கு," என்றான் தூதன்.

"யாருக்கு மண்ணு?"

தூதன் கரையில் கிடந்த கூடாரங்களை ஒருதரம் பார்த்தான். "பக்கத்தில யாரு இருக்காங்களோ அவங்களுக்கு," என்று சொல்லி, செட்டையில் ஒட்டின பாசியை உதறிவிட்டு மேலே போய்விட்டான்.

தீம்னாள் சட்டியைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் புருஷன் மிப்சாரிடம் சொன்னாள். மிப்சார் வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான்.

"குச்சியைப் பிடுங்கச் சொன்னானா, பிடுங்க வேண்டாம்னு சொன்னானா?"

"ரெண்டும் சொல்லலை."

"அப்படின்னா கெடக்கட்டும்," என்று மிப்சார் மறுபடியும் தைக்க ஆரம்பித்தான்.

அந்தச் சதுப்பில் இருந்தவர்கள் ஏசாவின் வம்சத்தார். ஏசா என்றால், தகப்பனுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தும், ஒருநாள் வேட்டைக்குப் போய்ப் பசியோடு திரும்பி, தம்பி யாக்கோபு காய்ச்சி வைத்திருந்த சிவப்புப் பயற்றங்கூழ் ஒரு கிண்ணத்துக்கு மூத்த பிள்ளை என்கிற உரிமையை விற்றுப்போட்டவர். தம்பி வம்சம் ராஜாவும் ஆலயமுமாய் எருசலேமில் நிலைத்துவிட, அண்ணன் வம்சத்தில் ஒரு கிளை நிலம் விட்டு நிலம், கடல் விட்டுக் கடல் தள்ளிக்கொண்டே வந்து, வேறு யாரும் கேட்காத அந்தச் சதுப்பில் வெள்ளாட்டு மயிர்க் கூடாரம் அடித்து, ஆடும் மீனுமாய்ப் பிழைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் எந்தப் பயறும் வேகும், சிவப்புப் பயறு மட்டும் வேகாது. ஒரு பிள்ளை பசிக்கிறது என்று சொல்லிவிட்டால் பெரியவர்கள் பதறிப்போவார்கள். முதலில் வாயில் எதையாவது போடு, மற்றதைப் பிறகு பேசு என்பார்கள். வெறும் வயிற்றோடு சந்தைக்குப் போக அவர்களில் ஒருவரையும் விடமாட்டார்கள்.

நாணலைச் சுற்றி முதலில் பாசி சேர்ந்தது, பாசியில் நுரை சேர்ந்தது, நுரையில் சிப்பியும் கிளிஞ்சலும் எங்கிருந்தோ அடித்து வந்த மரக்கட்டையும் சேர்ந்து, அதன் மேல் சேறு சேர்ந்து, ஒரு வாரத்தில் ஒரு காக்கை நிற்க இடம் வந்தது, ஒரு மாதத்தில் ஒரு ஆடு நிற்க இடம் வந்தது, ஆடு நின்ற இடத்தில் தீம்னாளின் மைனி மெகேதபேல், மிப்சாருக்கு அக்காள், வாய் நீளமானவள், ஒரு கூடை மீனைக் கொண்டுபோய்க் காயப் போட்டாள். அதிலிருந்து வழக்கு வந்தது. குச்சி நட்டதைக் கண்டவள் தீம்னாள், அதனால் மண் அவளுக்கு என்றார்கள் சிலர். அந்த மண்ணை ஒரு காரியத்துக்கு உபயோகித்தவள் மெகேதபேல், அதனால் அவளுக்கு என்றார்கள் சிலர். ஆனால் யார் முந்தி, யார் பிந்தி என்கிற பேச்சுக்கே பயப்படுகிற சனம் அது. மூன்று நாள் கூடிப் பேசி, அந்த மண்தான் எல்லாருக்கும் மூத்தது, நாம் எல்லாரும் அதற்கு இளையவர்கள், அதனால் யாரும் யாரையும் கேட்காமல் புழங்கிக்கொள்ளலாம் என்று தீர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாதம் மண் கரையோடு வந்து ஒட்டிக்கொண்டது. வருஷம் திரும்புவதற்குள் நாற்பது வீடு கட்டுகிற அளவுக்கு மேடாகி, சதுப்பெல்லாம் கணுக்காலுக்குத் தண்ணீர் நிற்கிற மழையிலும் அது மட்டும் காய்ந்து கிடந்தது. நடுவில் நாணல், வளரவும் இல்லை, வாடவும் இல்லை, நட்ட அன்றைக்கு இருந்த பச்சையிலேயே நின்றது. ஒருத்தி அதில் வேண்டுதலுக்கு நூல் கட்டப் போனாள். தீம்னாள் அவள் கையைப் பிடித்து, "அது சாமி இல்லைளா, முளைக்குச்சி. கும்பிடணும்னா நட்டவனை அனுப்பினவரைக் கும்பிடு," என்று திருப்பி அனுப்பினாள்.

அந்த மண்ணில் ஒரே ஒரு குறை இருந்தது. சுவர் நிற்காது. விடியற்காலையில் மண்ணைக் குழைத்து மிதித்து, அடுக்கடுக்காக ஒரு படை, இரண்டு படை, மூன்று படை என்று மதியத்துக்குள் ஆள் உயரம் ஏற்றிவிடலாம்; மேலே நாணற் கூரையும் போட்டுவிடலாம்; ஆனால் சூரியன் கடலைத் தொடுகிற நேரத்துக்குச் சுவர் உட்கார்ந்துவிடும். இடிந்து விழாது, ஒருவர் மேலும் ஒரு கட்டி விழுந்ததில்லை; நாள் முழுக்க உழுத மாடு முன்னங்காலை மடக்கிப் பின்னங்காலை மடக்கிப் பெருமூச்சு விட்டு உட்காருமே, அதுபோல உட்காரும். முதல் தரம் அழுதார்கள், இரண்டாம் தரம் சண்டை போட்டார்கள், பத்தாம் தரம் பழகிவிட்டார்கள். காலையில் கட்டுவார்கள், பகலெல்லாம் அந்த நிழலில் சமைப்பார்கள், நூற்பார்கள், பிள்ளைகளைத் தூங்கப் போடுவார்கள், வெயில் மஞ்சளானதும் பானைகளையும் பாய்களையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், சுவர் உட்கார்ந்ததும் கூரையைச் சுருட்டிக்கொண்டு சதுப்புக் கூடாரத்துக்கே போய்விடுவார்கள். நாளடைவில் அதுவே அவர்களுக்கு மணி ஆகிவிட்டது. சுவர் உட்கார்கிற நேரமாச்சு, ஆட்டை ஓட்டி வா என்பார்கள். மெகேதபேல் உலையை ஏற்றிவிட்டு, சுவர் உட்கார்ந்ததும் இறக்குவாள். பெண் கேட்டுப் போகிற இடத்தில், "பையனுக்குப் பகல் வீடு இருக்கு," என்று பெருமையாகவே சொன்னார்கள்.

எல்லாரும் பழகினார்கள், தீம்னாள் மட்டும் பழகவில்லை. அவளுக்குக் காரணம் இருந்தது. அவளுக்கு ஒரே மகன் பீனோன். அவன் பெண்சாதி ஆதாள் இரண்டு பிள்ளை பெற்றாள், இரண்டும் சதுப்புக் கூடாரத்து ஈரத்தில் நெஞ்சு கட்டிப் பத்து நாள் தாண்டவில்லை. ஒன்றை ஒரு வருஷம் மழைக்கு முன்னால் புதைத்தார்கள், மற்றதை அடுத்த வருஷம் மழைக்குப் பின்னால் புதைத்தார்கள். இப்போது மூன்றாவது வயிற்றில் இருந்தது. ஆதாள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தொட்டிலுக்குத் துணி கிழிக்கவில்லை, பேர் யோசிக்கவில்லை.

"ஏளா, வயித்துப் பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசுனா என்ன?" என்று தீம்னாள் ஒருநாள் கேட்டாள்.

"என்னத்தைப் பேச, அத்தை? வந்தா இங்க இருப்பியான்னு கேக்கவா?" என்றாள் ஆதாள்.

அன்றையிலிருந்து தீம்னாள், சுவர் உட்கார்கிற நேரத்தில் மற்றவர்கள் பானையைத் தூக்கும்போது, தான் மட்டும் சுவருக்குத் தோள் கொடுத்து முட்டுக் கொடுத்து நின்று பார்த்தாள். சுவர் அவளையும் மெள்ளத் தன்னோடு உட்கார வைத்தது.

அப்படி இருக்கும்போதுதான் இதின் என்கிற கொத்தனார் படகில் வந்து இறங்கினார். கிழக்கே சிநெயார் தேசத்துக்காரர். வானத்தைத் தொடுகிற கோபுரம் கட்டப் போய்ப் பாஷை குழம்பிப் பாதியில் விட்டவர்களின் பேரன் வழி. "பாஷையிலதான் கோளாறு வந்துச்சு. கட்டடத்துல ஒரு குறை சொல்லச் சொல்லுங்க பாப்போம்," என்று அவர் எங்கே போனாலும் கேட்காமலேயே சொல்லிவிடுவார். அவர் அந்த மேட்டில் இறங்கி, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்து, துப்பி, தலையை ஆட்டினார்.

"மண்ணுல குத்தமில்லைம்மா. தண்ணிதான் சரியில்லை. எங்க ஊரு ஐப்பிராத்து ஆத்துத் தண்ணி ஊத்திக் குழைச்சா நிக்கும். வேற தண்ணிக்கு நிக்காது."

எங்கள் பக்கத்தில் அல்வாவுக்கு இந்த ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிச் சொந்த ஊர்ப் பெருமை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"கொத்தனாரே, உங்க ஊருத் தண்ணி அம்புட்டு ஒசத்தின்னா கோபுரம் ஏன் நின்னு போச்சு?" என்றாள் மெகேதபேல்.

"அதான் சொன்னேனே, பாஷை," என்றார் இதின்.

சாப்பாடு போட்டு உட்கார வைத்தபோது அவர் வழியில் கேட்ட செய்தியையும் சொன்னார். எருசலேமில் ராஜா கல்யாணக் களைப்பில் விடிந்தும் எழும்பாமல் தூங்கிவிட்டார், ஆலயத்துச் சாவி அவர் தலையணைக்குக் கீழே இருந்தது, காலைப் பலி தவறிப்போயிற்று, அன்றைக்கே பரலோகத்திலிருந்து ஒரு தூதன் போய் எங்கோ கடலில் நாணல் நட்டான், அந்த நாணலில் சேர்கிற மண்ணில் ஒரு ஊர் எழும்பும், அந்த ஊர்க்காரர் ஒருநாள் வந்து அந்த ஆலயத்தைச் சுட்டுப்போடுவார்கள் என்று அங்கே பெரியவர்கள் அழுகிறார்களாம்.

பிறகு மெகேதபேல், "நாம கருவாட்டைத் தவிர எதையும் சுட்டதில்லையே," என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். தீம்னாள் சிரிக்கவில்லை. அந்த ஆலயத்தில் இருந்த கடவுள் தன் பாட்டனுக்கும் கடவுள்தானே என்று அவளுக்குத் தோன்றியது. சித்தப்பன் வீடு என்றாலும் வீடு வீடுதானே. ஆனால் பக்கத்தில் ஆதாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளுக்குக் கீழே பாய் சதுப்பு ஈரத்தில் நனைந்திருந்தது, தீம்னாள் அந்தப் பாயைத்தான் பார்த்தாள்.

பீனோனை அனுப்புவதென்று முடிவாயிற்று. அந்த ஆற்றுத் தண்ணீரை வெளிதேசத்துக்குக் கொண்டுபோக விடமாட்டார்களாம். அதனால் திராட்சரசம் விற்கிறவன்போல இரண்டு ஜாடியோடு போய், ரசத்தை விற்றுவிட்டு, தண்ணீரை நிரப்பி, மேலே கொஞ்சம் ரசத்தை ஊற்றி மூடிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று இதின் சொல்லிக் கொடுத்தார். தீம்னாள் கட்டுச்சோறு கட்டினாள், போகும்போதுக்கு ஒரு மூட்டை, வரும்போதுக்கு ஒரு மூட்டை, இடையில் பசித்தால் என்று ஒரு மூட்டை.

"எம்மா, நான் ஜாடியைத் தூக்கவா, சோத்தைத் தூக்கவா?" என்றான் பீனோன்.

"ஏய்யா, சோறு இருக்கட்டும். பசியோட மட்டும் ஒருத்தன் முகத்துலயும் முழிச்சிராத," என்றாள் அவள்.

அவன் போய் ஆறு மாதம் ஆயிற்று, ஏழாயிற்று. ஆதாளுக்கு மாதம் நிறைந்து, வலி எப்போது வருமோ என்று இருந்த ஒரு காலையில் படகு வந்தது. பீனோன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தான். கையில் ஒன்றும் இல்லை. ஊரே கரையில் நின்றது.

"ஜாடி படகுல இருக்காய்யா?" என்றாள் தீம்னாள்.

"இல்லைம்மா."

"ஒடைஞ்சிருச்சா?"

"ஒடையலை."

"களவு போச்சா?"

"இல்லைம்மா." அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. "கடைசித் துறைமுகத்துல காத்து இல்லாம பத்து நாள் கெடந்தோம். நாலாம் நாளே சோறு தீந்துபோச்சு. ஒருத்தி தெருவுல கூழ் வித்துக்கிட்டு வந்தா. எனக்கு வேற ஒண்ணும் கொடுக்க இல்லை. அவளுக்கு ஜாடி பிடிச்சிருந்துச்சு. தண்ணிய என்ன செய்யன்னு கேட்டு, தெருவுலயே ஊத்திட்டா. நான் நெறத்தைக்கூடப் பாக்காம குடிச்சேன். குடிச்சு முடிச்சு அடியில பாக்கேன், செவப்பா இருக்கு."

அந்தக் கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள். பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெகேதபேல்தான் கேட்டாள்; குத்திக்காட்டக் கேட்டாளோ, தெரிந்துகொள்ளக் கேட்டாளோ, எத்தனையோ தலைமுறையாக அந்த வம்சத்தில் எல்லாரும் கேட்க நினைத்து ஒருவரும் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள்.

"ருசியா இருந்துச்சாலே?"

"இருந்துச்சு அத்தை," என்று சொல்லிப் பீனோன் அங்கேயே மணலில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதான்.

மிப்சார் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, உள்ளேயிருந்தே, "உடுப்பு மாத்திட்டு வரச் சொல்லு," என்றான். அது அவர்கள் வழக்கம். ஏசாவிடம் ஆயிரம் குறை இருந்தாலும் தகப்பனை மதிப்பதில் அவருக்குக் குறை இல்லை. இருக்கிறதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் அவர் தகப்பனுக்குச் சாப்பாடு பரிமாறுவாராம். அதனால் அந்த வம்சத்தில் பயண உடுப்போடும் அழுக்கோடும் ஒரு மகன் தகப்பன் முன்னால் போய் நிற்கமாட்டான், திட்டு வாங்குவதற்கென்றாலும் நல்ல உடுப்போடுதான் போய் வாங்குவான். தீம்னாள் மகனுக்குப் பெட்டியிலிருந்து சலவை உடுப்பை எடுத்துக் கொடுத்தாள். கூடாரத்துக்குள் போகுமுன் அவன் வாயில் ஒரு அப்பத்தைத் திணித்தாள். அவன் கழற்றிப் போட்டதை ஒரு தொட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, அழ இடம் வேண்டியிருந்ததால், ஆளில்லாத நாணல் மேட்டுக்குத் துவைக்கப் போனாள்.

அன்றைக்குக் காலையில் யாரும் சுவர் வைக்கவில்லை. படகு வந்த பரபரப்பில் மண் குழைத்த குழி அப்படியே கிடந்தது. குழியின் ஓரத்துக் கல்லில் அவள் அந்த உடுப்பைத் தொட்டித் தண்ணீரில் முக்கி முக்கி அடித்தாள். ஏழு மாத அழுக்கு. மேலங்கியின் கரை பலகைபோல விறைத்திருந்தது. அவன் ஜாடியை நிரப்ப ஆற்றில் இடுப்பளவு இறங்கினபோது மடிப்பில் ஏறின வண்டல் அது, சிவந்த வண்டல், அப்படியே காய்ந்து இறுகிப்போயிருந்தது. அவள் அழுதுகொண்டே அடித்தாள், அடித்துக்கொண்டே அழுதாள், கலங்கின தண்ணீர் கல்லிலிருந்து வழிந்து குழியின் ஒரு மூலைக்குள் இறங்கியது. பிழிவதற்காக எழும்பும்போது கால் வழுக்கி அந்த மூலையில் மிதித்துவிட்டாள். மண் அவள் குதிகாலைப் பிடித்தது.

இரண்டு வருஷமாக அந்தக் குழியில் மிதித்தவள் அவள். கூழ்போலக் கால் விரலிடுக்கில் நழுவுகிற மண்ணைத்தான் அவளுக்குத் தெரியும். இது காலை விடவில்லை. குனிந்து ஒரு உருண்டை பிடித்துக் கல்லில் வைத்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. இன்னொரு உருண்டையை மற்ற மூலையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே தளர்ந்து பரவிற்று.

மேலங்கியை முக்கி முக்கி எடுத்ததில் தொட்டி நிறையச் சிவப்பாய்த் தண்ணீர் நின்றது. யாரும் பார்க்கவில்லை. இரண்டு எட்டு வைத்தால் கடல், ஒரு எட்டு வைத்தால் குழி. தீம்னாள் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றாள். கடலில் ஊற்றிவிட்டால் ஊர் எப்போதும்போலப் பகல் வீட்டோடு இருக்கும், தூரத்தில் அந்த ஆலயமும் இருக்கும், ஒருவரையும் ஒருவரும் சுடவேண்டியதில்லை. அப்போது சதுப்புப் பக்கமிருந்து ஆதாளின் குரல் கேட்டது. பேசாத பெண், வலிக்கு வாயைத் திறந்துவிட்டாள்.

தீம்னாள் வானத்தைப் பார்த்தாள். "எங்க பாட்டனுக்கும் அவங்க பாட்டனுக்கும் ஆண்டவரே," என்றாள், "உம்ம வீட்டைச் சுடுறதுக்கு நான் கட்டலை. பிள்ளை நனையாம இருக்கத்தான் கட்டுதேன். பொறவு வாரது ஒமக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தப்புன்னா இப்பமே என் கையைப் பிடிச்சுக்கிடும்." கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவள் கையை யாரும் பிடிக்கவில்லை. குழியில் ஊற்றினாள்.

பிறகு அவள் போட்ட சத்தத்தில் ஊரே ஓடி வந்தது. என்ன, ஏது என்று அவள் சொல்லவில்லை. மிதியுங்கள் என்றாள், மிதித்தார்கள். வையுங்கள் என்றாள், வைத்தார்கள். ஆதாளுக்கு முன்வலி இழுத்துக்கொண்டே போக, படை மேல் படை ஏறிக்கொண்டே போக, நல்ல உடுப்போடு தகப்பன் முன்னால் நின்றுகொண்டிருந்த பீனோனும், அவனைத் திட்ட வார்த்தை தேடிக்கொண்டிருந்த மிப்சாரும் அப்படியே அந்த உடுப்போடு வந்து மண்ணில் இறங்கினார்கள். இதின் சுவரைத் தட்டிப் பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார், தீம்னாளின் முகத்தைப் பார்த்தார், குனிந்து அடுத்த படைக்கு மண் எடுத்தார். மதியம் தாண்டி ஆதாளைப் பாயோடு தூக்கி வந்து உள்ளே படுக்க வைத்தார்கள்.

வெயில் மஞ்சளாயிற்று. பழக்கத்தில் பெண்கள் பானைகளை வெளியே எடுத்து வைத்தார்கள். ஆதாளையும் தூக்கிவிடலாம் என்று நாலு பேர் வாசலுக்கு வந்தார்கள். "தொடாதீங்க," என்றாள் உள்ளேயிருந்து தீம்னாள். சூரியன் கடலைத் தொட்டது. எல்லாரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூரியன் பாதி இறங்கியது, முழுக்க இறங்கியது, கடல் சிவப்பாகிப் பிறகு சாம்பலானது. சுவர் நின்றது. ஆடுகளை யாரும் ஓட்டி வரவில்லை, நேரம் ஆயிற்றா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மெகேதபேலின் உலை அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை ஊரெல்லாம் வந்தது. "என் கஞ்சி போச்சே, பாழாப்போற சுவரு இன்னைக்கு உக்காரலையே," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு ஓடும்போது, உள்ளே பிள்ளை அழுதது.

பெண் குழந்தை. தீம்னாள் அதைத் துடைத்து ஆதாள் பக்கத்தில் வைத்தாள். ஆதாள் தரையைத் தடவிப் பார்த்தாள். கையைத் திருப்பித் திருப்பி, விரல் நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ந்த தரை. அப்புறம்தான் அவள் பிள்ளையின் காதுக்குள் ஏதோ பேச ஆரம்பித்தாள். என்ன பேசினாள் என்று கேட்டுவிடக் கூடாதென்று தீம்னாள் வெளியே வந்துவிட்டாள்.

வாசலில் பீனோன் நின்றான், நல்ல உடுப்பெல்லாம் மண்.

"எம்மா, அந்தத் தண்ணி ஏது?"

"நீ கொண்டு வந்ததுதான்லே."

"நான்தான் எல்லாத்தையும் தொலைச்சிட்டனே."

"உன் அழுக்குல கொஞ்சம் இருந்துச்சு," என்றாள் தீம்னாள்.

மறுநாள் அந்தச் சுவரின் மண்ணில் ஒரு கைப்பிடியைப் பக்கத்து வீட்டார் வாங்கிப்போய்த் தங்கள் குழியில் கலந்தார்கள், அது நின்றது. அவர்களிடமிருந்து அடுத்த வீட்டார் வாங்கினார்கள். பாலுக்கு உறை மோர் வாங்குகிறதுபோல ஒரு வீட்டிலிருந்து ஒரு வீட்டுக்கு அந்த மண் போய்க்கொண்டே இருந்தது. நாற்பது வீடு நானூறாயிற்று, வீடு கோட்டையாயிற்று, ஊர் ரோமர் பட்டணமாயிற்று. நாணல் எந்த வீட்டு அஸ்திவாரத்துக்குள் போயிற்றென்று யாருக்கும் ஞாபகமில்லை. தீம்னாள் செத்து, அவள் பேத்தி செத்து, அவர்களுடைய பேர்கள் எல்லாம் மறந்துபோய் எத்தனையோ நூறு வருஷம் கழித்து, ஈரத்தில் சாகாமல் பிழைத்த பிள்ளைகளின் பிள்ளைகள் ஆயுதம் எடுத்துக்கொண்டு கிழக்கே போய், ஒருதரம் அழிந்து அதே இடத்தில் மறுபடி எழும்பியிருந்த அந்த ஆலயத்தைச் சுட்டார்கள். அதற்குள் எத்தனை தாய்மார் எத்தனை தொட்டித் தண்ணீரோடு நடுவில் நின்றார்களோ, எனக்குத் தெரியாது.

உங்களை ஒன்று கேட்கிறேன். இன்றைக்குப் படுக்கப் போகுமுன் ஜெபம் பண்ணுவீர்கள் அல்லவா, அப்போது அந்த ஆலயத்தை இழந்தவர்களுக்கு ஒரு வார்த்தை, தீம்னாளுக்கு ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். நீளமாக வேண்டாம், பேரைச் சொன்னால் போதும்.